வான் குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?

வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கான பாடம்

அடம்பனில் நடந்த ஒரு கிராமக் கூட்டத்தில் வீட்டுத்திட்டம், பிறப்புச் சான்றிதழ், கிணறு இறைத்தல் எல்லாம் பேசி முடிந்த பிறகு, பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழுந்தார். "தம்பி, எங்கட வான் ஒரு நாளைக்கு ரெண்டு போத்தல் தண்ணி குடிக்குது. மகன் ஊத்தி ஊத்தித்தான் ஓடுறான். இது நல்லதோ கூடாதோ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த வானுக்குள் அவருடைய இரண்டு சோடிக் காப்பும், வெளிநாட்டிலிருந்து தங்கை அனுப்பிய பணமும் இருந்தன. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு மன்னார் சந்தைக்கு மரக்கறி, இரவில் யாருக்காவது வயிற்றுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். அந்தக் கிராமத்துக்கே அது ஒன்றுதான் வாகனம்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் கலைப்பட்டதாரி. வாகனத்தில் ஏறவும் இறங்கவும் மட்டுமே தெரியும். ஆகவே கேள்வியை எழுதிக்கொண்டு மன்னார் நகரில் உள்ள ஒரு கராஜுக்குப் போனேன். அதை நடத்துகிற நானா 1990 இல் எருக்கலம்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தவர். அங்கேயே தொழில் பழகி, இப்போது திரும்பி வந்திருக்கிறார். "தண்ணி குடிக்கிற வான் எண்டு ஒண்டும் இல்லை தம்பி. ஊத்தின தண்ணி எங்கயோ போகுது. அது எங்க போகுதெண்டு தேடாம ஊத்திக்கொண்டு திரியிறதுதான் வருத்தம்" என்றார். மூன்று பின்னேரங்கள் அவருடைய கராஜில் இருந்து கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். வான் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, வீட்டில் கணக்குப் பார்க்கிறவரும் இதைப் படிக்க வேண்டும். பழுது பெரிதானால் அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் அவருடைய நகைதான்.

தண்ணீர் ஓடும் வழி

எஞ்சினுக்குள் டீசலோ பெற்றோலோ எரியும்போது வரும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேற்றருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, மறுபடியும் எஞ்சினுக்குள் வருகிறது. அதைச் சுற்ற வைப்பது வோட்டர் பம்ப். எஞ்சின் குளிராக இருக்கும்போது ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருந்து, ஏறத்தாழ 80 முதல் 88 பாகைச் சூட்டில் திறந்துவிடும் சிறு கதவு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் தேர்மோஸ்டாட். ரேடியேற்றரின் மூடி சாதாரண மூடி அல்ல. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ ஒரு எண் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அளவு. திறந்த பானையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடி இறுக்கமாக இருந்தால் 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நல்ல எஞ்சினும் கொதித்துத் தண்ணீரைத் துப்பும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியதும், மாற்றுவதற்கு ஆகக் குறைந்த செலவுள்ளதும் மூடிதான்.

இந்தச் சுற்றில் இன்னொரு கிளை உண்டு. நம்மில் அநேகர் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதுதான் ஹீற்றர். மன்னார் வெயிலில் ஹீற்றரா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் நம்மிடம் ஓடுகிற டவுன்ஏஸ், ஹைஏஸ் போன்ற வான்களில் அநேகமானவை ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. அங்கே பனி கொட்டும். ஆகவே டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேற்றர் வைத்து, எஞ்சினின் சுடுதண்ணீரை அதற்குள் ஓடவிட்டு, விசிறியால் சூட்டை உள்ளே அனுப்புகிறார்கள். பெரிய வான்கள் பலவற்றில் பின் ஆசனக்காரருக்கென்று இரண்டாவது ஹீற்றரும் உண்டு. அதற்கான இரும்புக் குழாய்கள் வானின் அடித்தட்டு நீளத்துக்குப் பின்னால் போகின்றன. நாம் ஹீற்றரைப் போடாவிட்டாலும் அந்தக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது. கடற்கரை வீதியில் உப்புக்காற்றும் உப்புச் சேறும் அடித்து அந்தக் குழாய் வெளியிலிருந்து துருப்பிடிக்கிறது. உள்ளே ஊற்றுகிற உவர்த்தண்ணீர் உள்ளிருந்து அரிக்கிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பேசாலை, வங்காலைப் பக்கம் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு இதை ஒரு வரியில் விளங்கப்படுத்தலாம். அவுட்போட் எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் என்ன பார்ப்பீர்கள்? பக்கத்துச் சிறு துவாரத்தால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்ப்பீர்கள். பீச்சினால் கடல்தண்ணீர் எஞ்சினைச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். பீச்சாவிட்டால் உடனே நிறுத்துவீர்கள். வானில் ஹீற்றர்தான் அந்தத் துவாரம். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பதை, மூடியைத் திறக்காமலே, ஆசனத்தில் இருந்தபடியே சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஹீற்றரைக் கேட்டுப் பார்த்தல்

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றரிலும் பக்கத்துப் போத்தலிலும் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, சூட்டு முள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்ததும், ஹீற்றர் நெம்பைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளி விசிறியைப் போடுங்கள். ஏசியை நிறுத்தியிருக்க வேண்டும். வேர்க்கும்தான். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

ஒரே சீராகச் சூடான காற்று வந்தால் தண்ணீர் சுற்றி வருகிறது. எஞ்சின் சூடாகியும் காற்று குளிராகவே வந்தால், அல்லது கொஞ்ச நேரம் சூடு, கொஞ்ச நேரம் குளிர் என்று மாறி மாறி வந்தால், தண்ணீர் குறைந்துவிட்டது அல்லது குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. பெரும்பாலான வாகனங்களில் ஹீற்றர் குழாய் உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் குறையும்போது முதலில் வற்றுவது அதுதான். சூட்டு முள் ஏறுவதற்கு முன்னரே ஹீற்றர் குளிர்ந்துவிடும். அந்த முன்னறிவிப்புக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சூட்டு முள்ளை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அதைச் சுற்றி இருப்பது வெறும் காற்றும் ஆவியுமே. அப்போது உள்ளே எஞ்சின் வேகிக்கொண்டிருக்கையில் முள் நடுவில் நிற்கலாம், இறங்கவும் செய்யலாம். "முள் ஏறவே இல்லை, திடீரென்று எஞ்சின் நின்றது" என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான் என்கிறார் நானா.

தண்ணீர் நிறைய இருந்தும் காற்று குளிராக வருகிறதா? அப்படியானால் எஞ்சினிலிருந்து ஹீற்றருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தூர வையுங்கள். சாரம், சேலைத் தலைப்பு, தொங்கும் கழுத்துப்பட்டி எதுவும் கிட்டப் போகக்கூடாது. ஒரு ஹோஸ் சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால், உள்ளிருக்கும் சின்ன ரேடியேற்றர் அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர் என்றால் வால்வு மூடியிருக்கிறது அல்லது நெம்பின் கம்பி கழன்றிருக்கிறது. இரண்டும் சூடு, ஆனால் காற்று மட்டும் குளிர் என்றால், காற்றைத் திருப்பும் தட்டி பிழை. அதனால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை, விட்டுவிடலாம். விசிறியே சுற்றாவிட்டால் பியூஸைப் பாருங்கள். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு ஓடினாலும் முள் கீழேயே கிடக்கிறது, ஹீற்றரும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால், யாரோ தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றுவது நம் பக்கத்தில் வழக்கம். அது நல்லதல்ல. எஞ்சின் தன் சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடச் செலவாகும், உள்ளே தேய்மானமும் கூடும்.

ஒழுக்கைத் தேடுதல்

அந்த அம்மாவின் மகன் சொன்ன முதல் விடயம் இது: "நிலத்தில ஒரு சொட்டும் இல்லை." இரவு முழுக்க வான் நின்ற இடம் காய்ந்திருந்தது. அதனால் வேறொரு கராஜில், தண்ணீர் எஞ்சினுக்குள்தான் போகிறது, எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மிச்சமிருந்த சங்கிலியை எடுத்து வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

நிலம் காய்ந்திருப்பது ஒழுக்கு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வான் ஓடும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்போது மட்டும் ஒழுகி, காற்றில் பறந்தும் சூட்டில் காய்ந்தும் போகிற ஒழுக்குகள் உண்டு. ஆகவே இரண்டு விதமாகத் தேட வேண்டும்.

முதலாவது, நீங்களே வீட்டில் செய்வது. இரவில் வானுக்குக் கீழே பிரித்த காட்போட் பெட்டியை விரித்து விடுங்கள். காலையில் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரேடியேற்றருக்கு நேர் கீழேயா, வோட்டர் பம்புக்குக் கீழேயா, பின்சில்லுப் பக்கமா? பம்பில் சிறு துவாரம் ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அதால் தண்ணீர் வடியும். அந்தத் துவாரத்தை அடைக்கக்கூடாது, பம்பைத்தான் மாற்ற வேண்டும். ஏசி போட்டு ஓடிய வானுக்குக் கீழே முன்பக்கம் சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது ஏசித் தண்ணீர். விரலால் தொட்டுப் பாருங்கள். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நிறமும் வழுவழுப்பும் இருக்கும். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஹோஸ் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் வந்து காய்ந்த இடம் அது.

வானுக்கு உள்ளேயும் பாருங்கள். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தின் காலடிக் கம்பளம் ஈரமாக இருக்கிறதா? கதவு மூடிய வானுக்குள் இனிப்பு வாடை அடிக்கிறதா? முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியது போல மங்கி, துடைக்கத் துடைக்கத் திரும்ப வருகிறதா? இவை டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஹீற்றர் ஒழுகுவதன் அடையாளங்கள். மழைகாலத்தில் கதவால் வந்த ஈரம் என்று எண்ணி விட்டுவிடுவது சுலபம்.

இரண்டாவது, கராஜில் செய்வது. ரேடியேற்றர் வாயில் சின்னக் கைப்பம்ப் ஒன்றைப் பூட்டி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியில் எழுதியுள்ள அளவுக்குக் காற்றடிப்பார்கள். பம்பின் முள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு. எஞ்சின் ஓடாததால் ஒழுகும் தண்ணீர் காயாது, கண்ணால் பார்க்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய சொல் "பிரஷர் டெஸ்ட்". எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், அதற்கு முன் இதைச் செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அம்மாவின் வானுக்கு நானா அதைத்தான் செய்தார். முதலில் ஹீற்றரைப் போட்டுப் பார்த்தார். சூடும் குளிருமாக மாறி மாறி வந்தது. பிறகு காற்றடித்தார். முள் மெதுவாக இறங்கியது. முன்பக்கம் எல்லாம் காய்ச்சல். நாங்கள் நாலு பேரும் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்சில்லுக்கு முன்னால், அடித்தட்டோடு போகும் இரும்புக் குழாயிலிருந்து ஊசி முனை அளவு தண்ணீர் விசிறியது. பின் ஹீற்றர் குழாய். அந்த வானில் ஒருவரும் ஒருநாளும் போட்டிராத ஹீற்றர்.

எஞ்சினைக் கழற்றவில்லை. பின் ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் முன்பக்கத்திலேயே வெட்டிப் பிரித்து, எஞ்சின் பக்க முனைகளை நல்ல ஹோஸால் ஒன்றோடொன்று தொடுத்துக் கிளிப் போட்டார். நம் ஊரில் பின் ஹீற்றர் இல்லாததால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் இதற்கு வாகன ஹோஸ்தான் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்ரிக் குழாய் சுடுதண்ணீரில் இளகி வெடிக்கும். முன் ஹீற்றரையும் சேர்த்துத் துண்டிக்கலாமா என்று மகன் கேட்டான். ஒழுகினால் துண்டிக்கலாம், ஒழுகாவிட்டால் விட்டு வை என்றார் நானா. காரணம் நீங்கள் ஏற்கெனவே படித்தது: துவாரம் பீச்சுவதைப் பார்க்காமல் கடலுக்குப் போக முடியாது.

ஒழுக்கே இல்லாவிட்டால்

காற்றடித்தும் வெளியே எங்கும் ஒழுகவில்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால்தான் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரால் வெள்ளைப் புகை விடாமல் வருவது, ஒயில் அளக்கும் கம்பியில் பால்தேநீர் நிறம் தெரிவது, ஒயில் அளவு தானாகக் கூடுவது, காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகுவது, பக்கத்துப் போத்தலில் விடாமல் குமிழி வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒயிலில் தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் ஒரு ஓட்டம் கூட ஓட வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். காஸ்கெட்டோடு நிற்கக்கூடிய செலவு அந்த ஒரு ஓட்டத்தில் முழு எஞ்சினையும் பிடித்துக்கொள்ளும்.

பல வருடம் மரத்துக்குக் கீழே நின்று மீண்டும் கைக்குக் கிடைத்த வாகனம் என்றால், ஓட்டத் தொடங்குமுன் எல்லா ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் அழுத்திப் பார்த்தால் ரப்பர் வெடிப்புத் தெரியும்.

மஞ்சள்தூளைப் பற்றியும் கேட்டார்கள். ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போட்டால் சிறு ஒழுக்கு அடைபடுவது உண்மைதான். வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர உதவும். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீற்றரின் மெல்லிய குழாய்களையும் ரேடியேற்றரின் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். போட்டிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

மன்னார் தீவில் பல கிணறுகள் உவர். முருங்கன் பக்கத் தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. பற்றரிக்கு ஊற்றும் வடிநீர்தான் சரியானது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில், முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவிப் போன பிறகு, சுத்தமான பாத்திரத்தில் பிடித்த தண்ணீரையும் மூடி வைத்துப் பாவிக்கலாம். இயலுமானவர்கள் வடிநீருடன் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், துருவைத் தடுக்கும். வழியில் வேறு வழியில்லை என்றால் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் வீடு வந்ததும் இறக்கி மாற்றுங்கள். கடல் தண்ணீர் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

கூலன்ட் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் ஆடுகளும் நாய்களும் குடிக்கும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். இறக்கிய பழைய கூலன்டைத் திறந்த வாளியில் விடவோ கிணற்றடியில் ஊற்றவோ வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தாலே, வருத்தம் தெரியும்வரை காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். வானின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி, ஹீற்றர் நெம்பைச் சூட்டுப் பக்கம் வைத்து, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி மெதுவாக ஓடவிடுங்கள். குமிழி வந்து தண்ணீர் இறங்க இறங்க நிரப்புங்கள். தேர்மோஸ்டாட் திறந்து, குமிழி நின்று, ஹீற்றரால் சூட்டுக்காற்று வந்ததும் மூடியைப் பூட்டலாம். தண்ணீர் சூடேறிப் பொங்கும், முகத்தை நேரே மேலே வைத்திருக்க வேண்டாம்.

வீதியில் சூடேறினால்

ரயில் 1990 இல் நின்றதிலிருந்து 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கும்வரை நமக்கு எல்லாமே வீதியாகத்தான் இருந்தது. மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஏ-32 வீதியில் வடக்கே போனால் நீண்ட தூரத்துக்குக் கராஜ் கிடைக்காமல் போகலாம்.

முள் ஏறுவதைக் கண்டால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுச் சூட்டிலும் விசிறியை முழு வேகத்திலும் போடுங்கள். சின்ன ரேடியேற்றரும் சேர்ந்து சூட்டை வெளியே தள்ளும். நிறுத்த நல்ல இடம் வரும்வரை இது உதவும், வீடுவரை ஓட அல்ல. ஹீற்றரால் குளிர்காற்று வந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது கால் வைக்கும் இடம். கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் மாந்தை, மடு, முசலிப் பக்கங்களில் இன்னும் இருக்கலாம். வானைத் தார் வீதியிலேயே, அல்லது சில்லுத் தடம் தெளிவாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் எடுக்க, நிழலில் இருக்க, ஒதுங்கப் போக என்று எதற்காகவும் பற்றைக்குள் இறங்க வேண்டாம். குளம் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று எண்ணாதீர்கள். இதற்காகவே 5 லீற்றர் கான் ஒன்றில் தண்ணீர் எப்போதும் வானுக்குள் இருக்கட்டும். அந்தக் கானை வீட்டுத் தேவைக்கு எடுத்துவிட்டு மறந்துபோகிறோம் என்று பலர் சொன்னார்கள். கானில் பெரிதாக "வான்" என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது ஆபத்து மூடி. சூடான ரேடியேற்றரைத் திறந்தால் கொதிநீர் முகம், நெஞ்சு, கை மூன்றுக்கும் ஒரேயடியாகப் பாயும். ஆகக் குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள், முக்கால் மணி என்றால் இன்னும் நல்லது. மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பிறகு தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி ஆவி போகவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். மோதிரம், மணிக்கூட்டை உடனே கழற்றுங்கள், பிறகு வீங்கும். பற்பசை, மை, தேங்காய் எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு செல்லும் வாகனம் அந்த வானாகவே இருக்கக்கூடாது.

கொப்பியும் மற்ற இயந்திரங்களும்

அம்மாவின் வீட்டில் இப்போது ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி தொங்குகிறது. காலையில் பக்கத்துப் போத்தலின் மட்டத்தில் ஒட்டிய டேப்புக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறதா, எவ்வளவு ஊற்றியது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று மகள் எழுதுகிறாள். மகன் கோவிக்கிறானாம். இருக்கட்டும். ஒரு வாரக் கணக்கைக் கொண்டு போய்க் காட்டினால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் பெரும்பாலும் தேவைப்படாது. நம் பக்கத்தில் ஓடும் ஓட்டோக்களில் பெரும்பாலானவை காற்றால் ஆறுபவை. லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சீன வகை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், மேலே திறந்த தண்ணீர்த் தொட்டியும் மட்டம் காட்டும் சிவப்பு மிதவையும் இருக்கும். அவற்றில் தண்ணீர் கொதித்து ஆவியாவதுதான் எஞ்சினை ஆற்றும் முறை. தண்ணீர் குறைவது பழுதல்ல. வயலில் நிற்கும்போது மிதவை இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியேற்றரும் மூடியும் உள்ள வகை என்றால், வானுக்குச் சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும், ஹீற்றர் ஒன்றைத் தவிர.